சேதப் பதிவேடு

முதுகில் வைத்து அறுத்தேன்.
ரொட்டிக் கத்திதான், அன்று காலை தீட்டியது.
பசை காய்ந்து போயிருந்ததால்
மூட்டு கழல்வதுபோல்
சத்தமில்லாமல் விலகியது.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கணக்குப் புத்தகம்
மூன்று புத்தகமானது.

உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
தார்ச்சாலை முடிந்து
கம்பளிக் கூடாரங்கள் தொடங்கும் இடத்தில்
எங்கள் நூலகம் ஒரு சரக்குப் பெட்டி.
கடல் இல்லாத இந்த நாட்டுக்கு
எந்தக் கப்பலில் இருந்து இறங்கியதோ,
கீலில் இன்னும் உப்பு பூத்திருக்கிறது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஓர் அடுப்பு, ஆறு ஸ்டூல்,
பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு
இந்த மலை முழுவதற்கும்
ஒரே ஒரு பிரதி.

மூன்று பேர் கேட்டார்கள், ஒரே வாரத்தில்.
முதலில் வந்தவருக்கு முதலில் என்கிறது விதி.
முதலில் வருகிறவர் யார்?
அன்று தண்ணீர் வண்டி இழுக்கும் முறை இல்லாதவர்.
தம்பியைத் தூங்க வைக்க வேண்டியிராதவர்.

பதிவேட்டில் எழுதினேன்:
சேதத்தின் தன்மை, கத்தி.
காரணம், வாசகர்கள்.
மாவட்ட அலுவலர் இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
என் சம்பளத்தில் பிடித்தார்.

முன்பகுதி ஞாம்தோர்ஜுக்கு.
நடுப்பகுதி ஸோல்போவுக்கு.
பின்பகுதியும் அதன் வாலில் இருந்த விடைகளும்
ஹாலியுனுக்கு.
சனிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.
முதல் சனிக்கிழமையே ஸோல்போ வரவில்லை.

கோபியின் விளிம்பில்
யாருடைய மந்தையிலோ அவன் அப்பாவுக்குக் குளிர்கால வேலை.
ராத்திரியோடு ராத்திரியாகக்
கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
கூடவே போனது
நூற்று முப்பத்தேழாம் பக்கம் முதல்
இருநூற்று எழுபத்துநான்கு வரை.

ஞாம்தோர்ஜ் கத்தினான்.
"முழுசாக இருந்திருந்தால்
முறை வைத்தாவது படித்திருப்போம்."
சரிதான்.
அன்றிரவு கத்தியைத் தொடப் பிடிக்கவில்லை,
ரொட்டியைக் கையால் பிய்த்தேன்.

ஹாலியுன் கத்தவில்லை.
அவளிடம் விடைகள் இருந்தன, கேள்விகள் இல்லை.
இருநூற்றுப் பதினான்கு: ஏழு.
இருநூற்றுப் பதினைந்து: மைனஸ் மூன்றில் ஒன்று.
என்ன கேட்டால்
ஏழு என்று வாய் திறக்கும் உலகம்?
நிலக்கரி மூட்டைத் தாளைப் புரட்டிப்போட்டு
தானே கேள்விகள் செய்தாள்.
சில விடைக்கு நான்கைந்து.
ஒன்றில் ஆடுகள் வந்தன,
ஒன்றில் தண்ணீர் விலை,
ஒன்றில் ஒரு பஸ்
தெற்கே போய்க்கொண்டே இருந்தது.

ஜூனில் தேர்வு.
அது முடிந்த ஒன்பதாம் நாள்
தெற்கு வழித்தட ஓட்டுநர் ஒருவர் கதவைத் தட்டி
ஆட்டுத்தோலில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார்.
நடுப்பகுதி.
பக்கங்களுக்குள் மணல், கம்பளி இழை,
மூலையெல்லாம் கொழுப்பு விரல்கள்.
எல்லாக் கணக்கும் போட்டிருந்தான்,
ஓரங்களில், வரிகளின் இடுக்கில்,
பக்க எண்ணைச் சுற்றி வளைத்து.
ஒவ்வொன்றின் கீழும் ஒரே சொல்:
சரியா?

ஊசியும் நூலும் எடுத்து வைத்தேன்,
மூன்றையும் சேர்த்துத் தைக்க.
"கொஞ்சம் பொறுங்கள்" என்றாள் ஹாலியுன்.
முடிவுகள் இன்னும் வரவில்லை.
வந்தாலும், இனி அந்தப் பக்கங்கள்
அவளுக்கு ஒன்றும் செய்யப் போவதில்லை.
ஸ்டூலைக் கதவோரம் இழுத்துப் போட்டு
விடைகளை மடியில் விரித்து
சிவப்புப் பென்சிலால் தொடங்கினாள்.
சரி.
சரி.
இது இல்லை, குறியை மறந்துவிட்டாய்.
சரி.

பஸ் திரும்ப நாற்பது நிமிடம் இருந்தது.
ஓட்டுநர் தேநீர் கேட்டார்.
நாற்பது நிமிடம் கழிந்தபின்
கடிகாரத்தைப் பார்க்காமல்
இன்னொரு கோப்பை கேட்டார்.